மூன்றாம் எண் செயலி

தெசலோனிக்கி
6 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். முதல் மருந்து ஏற்றிய பிறகு உன் உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறதா என்று எழுது. அத்தானிடம் போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "பரவால்ல" என்கிறார். அதை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

லமியா ஆஸ்பத்திரியில் உன்னிடம் சரியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. நீ பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தாய். டாக்டர் தாழ்வாரத்தில் என்னையும் அத்தானையும் பிடித்துக்கொண்டார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன் போனில் ஏற்றிவைத்த செயலியைத் திறந்து பார்த்தாயா? இங்கே எங்கள் துறையில், மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கான கைப்பேசிச் செயலிகளை மதிப்பிடுகிறோம். நம் கிரேக்க மொழியில் கிடைப்பவை ஆறு. நானும் ஃபனிஸ் என்ற இன்னொரு ஆய்வாளரும் தனித்தனியாக மதிப்பெண் போடுவோம். வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசி ஒரே எண்ணுக்கு வருவோம். சிகிச்சையில் இருக்கும் பெண்கள் சிலரும் பயன்படுத்திப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீயும் அவர்களில் ஒருத்தி. உனக்கு வந்திருப்பது மூன்றாம் எண்.

உன் விவரங்களை நானே நிரப்பிவிட்டேன். எதையும் மாற்ற வேண்டாம்.

ஒன்று மட்டும். இணையத்தில் தேடாதே. அங்கே பாதி பயமுறுத்தல், பாதி வியாபாரம். சந்தேகம் வந்தால் இந்தச் செயலியைப் பார். அல்லது என்னைக் கேள்.

முத்தங்கள்,
கலிரோயி


அம்ஃபிசா
20 பிப்ரவரி 2023

என் கலிரோயி,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர. நானும் பாதி சௌக்கியம். வாயில் எப்போதும் ஒரு செம்புக்காசைப் போட்டுக்கொண்டிருப்பது போல் இருக்கிறது. உனக்கு அந்த இருமல் நின்றதா?

நீ கடிதம் போட்டதில் தபால் ஆபீசில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. "மின்சார பில்லைத் தவிர வேற ஏதாச்சும் வர்ற ஒரே ஆளு நம்ம எவந்தியாதான்" என்று போஸ்ட்மாஸ்டர் கவுண்டரில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

உன் மூன்றாம் எண்ணுக்கு நான் மேடம் என்று பேர் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் டிங் என்று எழுப்பி, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்கிறாள். உன் அத்தான் அர்கிரிஸ் முப்பது வருஷமாக அதைக் கேட்டதில்லை. நேற்று அவரிடமே சொன்னேன். "நான் கேக்காமலே எனக்குத் தெரியும்டி" என்றார். சொல்லிவிட்டு எழுந்து ஆலிவ் தோட்டத்துக்குப் போய்விட்டார். பிப்ரவரியில் அங்கே என்ன வேலையோ.

மேடம் நல்லவள். இரண்டாம் நிலை, சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டது, பெரும்பாலான பெண்கள் முழுமையாகக் குணமடைகிறார்கள் என்கிறாள். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். அரெத்தியின் கல்யாணம் செப்டம்பரில். அதற்குள் எனக்கு முடி வளர்ந்துவிடுமா? ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பெண்ணின் அம்மாவாக நிற்க மாட்டேன். மணமக்கள் தலையில் மணமுடிகளை மாற்றிவைக்கப் போகிற கூம்பாரா, கல்யாணத்தோழி, நீ. உன் முடி மட்டும் ஜம்மென்று இருக்கும், நான் பக்கத்தில் உரித்த முட்டை மாதிரி நிற்பேன்.

முதுகு வலிக்கிறது. நாள் முழுக்கத் தபால் கவுண்டர் ஸ்டூலில் உட்காருவதுதான் காரணம்.

உன்னைக் கட்டிக்கொள்ளும்
அக்கா


தெசலோனிக்கி
14 மார்ச் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

முடி: மருந்து நின்ற பிறகு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். செப்டம்பரில் ஆண்பிள்ளைக் கிராப்பு அளவுக்கு இருக்கலாம். இப்போது பலர் அப்படி வெட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்டூலை மாற்றச் சொல்லு.

இங்கே மழை. கடலும் வானமும் ஒரே நிறத்தில். மேசையில் ஆறு போன்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு செயலி. காலை எட்டு மணிக்கு ஆறும் சேர்ந்து என்னிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கின்றன. நான் பதில் அழுத்துவதில்லை.

ஈஸ்டருக்கு வருகிறேன்.

முத்தங்கள்,
கலிரோயி


அம்ஃபிசா
24 ஏப்ரல் 2023

என் கலிரோயி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ விட்டுப்போன குடை இங்கே பத்திரமாக இருக்கிறது. எனக்கு உடம்பு தேவலை. இன்னும் ஒரே ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும். மேடமும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஆப்பரேஷன் தேதி குறித்தாயிற்றா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததை நீ நிறுத்திவிட்டுப் போனது நிம்மதி. கட்டி மருந்திலேயே கரைகிறது, கத்தி வேண்டாம் என்று டாக்டரே சொன்ன பிறகு அவளுக்கு என்ன பிடிவாதம்? அதற்கு நான் ஒரு மதிப்பெண் குறைக்கத்தான் போகிறேன்.

நீ போன மறுநாள் மாப்பிள்ளை லெஃப்தெரிஸின் அம்மா வந்தாள். காபி குடித்துக்கொண்டே பேசி முடித்துவிட்டோம். கிராப்புத் தலையோடு நான் நிற்கப் போவதில்லை. செப்டம்பர் வேண்டாம் என்றேன். "அப்போ அடுத்த வருஷம்?" என்று அரெத்தி கேட்டாள். அவ்வளவுதான், அந்த அம்மா மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். "லீப் வருஷத்துல என் பையனுக்குக் கல்யாணமா? அதுக்கு அவன் கப்பல்லயே கெடக்கலாம்." எனக்கும் மனசு ஒப்பவில்லை. லீப் வருஷத்தில் மணமுடி சூட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்று கவுண்டரில் உட்கார்ந்தே எனக்குத் தெரியும். பிரிந்தவர்களுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் என் கை வழியாகத்தான் போகிறது.

ஆக 2025, ஈஸ்டர் முடிந்த ஞாயிறு. அதற்குள் முடி தோள் வரை வந்துவிடும். லெஃப்தெரிஸும் சும்மா இருப்பானேன் என்று ஏழு மாத ஒப்பந்தத்தில் கப்பலுக்குப் போகிறேன் என்கிறான். ஜூலையில் ஏறினால் பிப்ரவரியில்தான் இறங்குவான். அரெத்திக்கு முகம் தொங்கிவிட்டது. "ரெண்டு வருஷமாம்மா?" என்றாள். "நான் எங்கடி ஓடிப்போகப் போறேன்?" என்றேன்.

அர்கிரிஸ் எழுந்து பாத்திரம் கழுவினார். அவர் போய்!

நீ என்ன நினைக்கிறாய்? இந்த விஷயமெல்லாம் படித்தவள் நீ. செப்டம்பரே இருக்கட்டும் என்று நீ சொன்னால் செப்டம்பரே. உன் பதில் வந்த பிறகுதான் லெஃப்தெரிஸ் கப்பல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவான்.

உன்னைக் கட்டிக்கொள்ளும்
அக்கா


தெசலோனிக்கி
29 மே 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? முன்பே எழுதியிருக்க வேண்டும். தேர்வுத் தாள்கள்.

2025 நல்ல யோசனைதான். வசந்தம். நீ அவசரப்படாமல் தேறி வரலாம்.

குடை இருக்கட்டும்.

முத்தங்கள்,
கலிரோயி


அம்ஃபிசா
11 செப்டம்பர் 2023

என் கலிரோயி,

நலமா? இந்த வெயிலில் நாங்கள் வெந்து முடிந்தோம். எனக்கு முடி வந்துவிட்டது. சுருட்டை. அரெத்தி தலையைத் தடவிப் பார்த்து, "ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும்மா" என்கிறாள். அவள் அந்தக் கவுண்டர் ஸ்டூலுக்காக எங்கள் போஸ்ட்மாஸ்டரோடு சண்டை போட்டு, சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி வாங்கிக்கொடுத்தாள். வலி குறையவில்லை. அவளிடம் குறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது கேள், உனக்கு ஒரு பரிசு. உன் ஆறு செயலிகளில் யாரும் கண்டுபிடிக்காத தப்பை உன் அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

போன வாரம் மேடம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டாள். இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறாள். ஜூனிலிருந்து கொடுக்கிறார்களே, மூன்று வாரம் தினமும், நாலாவது வாரம் ஓய்வு, அந்த மாத்திரையின் பெயரைப் பெட்டியைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். உடனே மஞ்சள் கட்டம். 'நீங்கள் குறிப்பிட்ட நிலைக்கு இந்த மருந்து வழங்கப்படுவதில்லை. விவரங்களைச் சரிபார்க்கவும்.'

மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே கட்டம். ஆக, மருந்து தெரியாத செயலி. என்னை மாதிரி இன்னொருத்தி இதைப் பார்த்துவிட்டு, டாக்டர் தப்பான மாத்திரை கொடுத்துவிட்டார் என்று நிறுத்திவிட்டால்? இது சின்னத் தப்பு இல்லை. துல்லியத்துக்கு ஐந்து போட்டிருந்தேன். அடித்துவிட்டு ஒன்று போட்டிருக்கிறேன். உன் ஃபனிஸிடம் சொல், கண்டுபிடித்தது அம்ஃபிசா தபால் ஆபீஸ் என்று.

லெஃப்தெரிஸ் பிரேசில் பக்கம் எங்கோ இருக்கிறான். அரெத்தி தினமும் வரைபடத்தில் கப்பலைத் தேடுகிறாள்.

உன்னைக் கட்டிக்கொள்ளும்
அக்கா


தெசலோனிக்கி
15 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ எழுதியது சரி. அது செயலியின் பிழை. மிகவும் நன்றி.

ஃபனிஸ் துல்லியத்துக்கு ஐந்து போட்டிருந்தார். நேற்று பேசினோம். இரண்டுக்கு ஒப்புக்கொண்டார்.

மாத்திரையின் பெயரை அழித்துவிடு. மஞ்சள் கட்டம் போய்விடும். டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், அவருக்கு இதெல்லாம் தெரியாது.

முத்தங்கள்,
கலிரோயி


அம்ஃபிசா
23 அக்டோபர் 2023

கலிரோயி,

உன் பேச்சைக் கேட்டு மாத்திரையின் பெயரை அழிக்கவில்லை. தப்பை நிரூபிக்காமல் விடுவானேன் என்று நினைத்தேன். உனக்கு உபயோகமாக இருக்குமே என்றும்.

புதன்கிழமை லமியாவுக்குப் போனபோது நம் டாக்டர் விடுப்பில். அவர் இடத்தில் ஒரு சின்னப் பெண், கிரீட் தீவுக்காரி. போனை நீட்டினேன்.

"டாக்டர், இந்த ஆப்ல ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கேன். என் தங்கச்சி யூனிவர்சிட்டில இதுக்குத்தான் மார்க் போடறா. நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா அவளுக்கு ஒத்தாசையா இருக்கும்."

அவள் போனைப் பார்த்தாள். என் ஃபைலைப் பார்த்தாள். மறுபடி போனை.

"தப்பு ஒண்ணும் இல்லையேம்மா. ஸ்டேஜ் ரெண்டுன்னு யாரு போட்டது?"

"என் தங்கச்சி."

"தெரியாம போட்டிருப்பாங்க. நாலுன்னு மாத்திடுங்க, இந்தக் கட்டம் வராது."

சட்டையில் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருக்கிறது என்பது போல் சொன்னாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்ககிட்ட... யாரும் சொல்லலையா?"

"நான் தபால் ஆபீஸ்ல இருக்கேன்மா. ஊர்ல யாருக்கு என்ன வந்தாலும் எனக்குத்தான் மொதல்ல தெரியும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. முதுகெலும்பில் இரண்டு இடம், இடுப்பில் ஒன்று, இங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று படத்தில் காட்டினாள். ஜனவரியில் எடுத்த படம். ஜனவரி.

திரும்பும்போது பஸ்ஸில் நாலு என்று அழுத்தினேன். மேடம் உடனே வேறு மாதிரி பேசினாள். முழுமையாகக் குணமடைகிறார்கள் என்ற பக்கம் மறைந்துவிட்டது. வலிக்கு என்ன கேட்கலாம், முக்கியமானதை ஏன் தள்ளிப்போடக் கூடாது, வீட்டாரோடு எப்படிப் பேசலாம் என்று பக்கங்கள் வந்தன. மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். அவள் ஒரு தடவைகூட என்னை ஏமாற்றவில்லை. நீ கொடுத்ததை நம்பிப் பேசினாள். நானும் அப்படித்தான்.

வீட்டில் கேட்டேன். அர்கிரிஸ் ஒரேயடியாக அழுதார். "நீ பயந்துருவேன்னுதான்டி. டாக்டரே சொல்ல வேணாம்னுட்டார். கலிரோயியும் சரின்னா." அரெத்தி கையில் தட்டோடு நின்றாள். அவளுக்கும் தெரியாது. "நீங்க மூணு பேரும் சேர்ந்து என்னை ரெண்டு வருஷம் காத்திருக்கச் சொன்னீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள். ஆனால் காத்திருக்கச் சொன்னது என் வாய்தானே.

அர்கிரிஸைப் புரிகிறது. இந்த ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான். நானே எத்தனை வீடுகளுக்கு ஆஸ்பத்திரிக் கடிதத்தை நோயாளி கையில் கொடுக்காமல் மகன் கையில் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்டேன். செப்டம்பரே இருக்கட்டும் என்று சொன்னால் செப்டம்பரே என்று எழுதினேன். ஐந்து வாரம் கழித்து, வசந்தம் என்று பதில் போட்டாய்.

இப்போது ஒன்றே ஒன்று. லெஃப்தெரிஸ் பிப்ரவரியில் இறங்குகிறான். லீப் வருஷம் என்று அவன் அம்மா கத்தட்டும், கல்யாணம் பிப்ரவரி பதினொன்று. அந்தத் தாழ்வாரத்தில் டாக்டர் உன்னிடம் ஏதோ ஒரு கணக்குச் சொல்லியிருப்பார். அந்தச் சின்னப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

பிப்ரவரி போதுமா?

எவந்தியா


அம்ஃபிசா
2 நவம்பர் 2023

சித்தி,

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க இன்று என்னால் முடியாது. மன்னிக்கவும்.

அம்மா தினமும் தபால் பை வந்ததும் தானே பிரிக்கிறாள். வேறு யாரையும் தொட விடுவதில்லை. "சித்தி எழுதுவா" என்கிறாள். நேற்றும் சொன்னாள்.

ஏப்ரலில் உங்களுக்கு ஒரே ஒரு போன் செய்திருந்தால் எனக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். நான் ஏன் செய்யவில்லை என்று யோசிக்கிறேன். அம்மாவின் உடம்பைப் பற்றி உங்களைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள். நீளமாக வேண்டாம்.

அரெத்தி


தெசலோனிக்கி
13 நவம்பர் 2023

அக்கா,

இதற்கு முன் எழுதிய எதையும் அனுப்பவில்லை.

தாழ்வாரத்தில் அவர் சொன்னது: இரண்டு வருஷம், சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். நீ பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தாய். சிரித்தாய். உன் போன் என் கையில் இருந்தது. நிலை என்ற இடத்தில் நான்கு கட்டங்கள். இரண்டை அழுத்தினேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

மே மாதம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஜனவரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இது காரணம் இல்லை. நடந்தது.

ஃபனிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் எண்ணுக்குத் துல்லியம் மறுபடி ஐந்து. ஆய்விலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "உங்க அக்கா போட்ட அந்த ஒரு மார்க்கை நான் நம்பலை, கலிரோயி. உங்களை நம்பினேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை லமியாவுக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். அங்கிருந்து உன் ஊருக்கு ஒரு மணி நேரப் பஸ்தான். ஏறவில்லை. கோடையில் எடுத்த படத்தில் எலும்பில் இருப்பது வளரவில்லை, மாத்திரை வேலை செய்கிறது என்றார். இந்தக் குளிர்காலத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அடுத்த குளிர்காலத்தைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்.

பிப்ரவரி போதும், அக்கா. இது உண்மை.

வலி எப்படி இருக்கிறது?

கலிரோயி


அம்ஃபிசா
4 டிசம்பர் 2023

கலிரோயி,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வலிக்குப் புது மருந்து கொடுத்திருக்கிறார்கள், தூங்குகிறேன்.

பிப்ரவரி போதும் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்றே அரெத்தியை லெஃப்தெரிஸுக்குப் போன் போடச் சொன்னேன். அடுத்த துறைமுகத்திலேயே இறங்கச் சொல்லிவிட்டேன். கப்பல் கம்பெனி அவனை இனி எடுக்காதாம். "எடுக்காட்டிப் போகட்டும் அத்தை, கப்பலா இல்லை உலகத்துல" என்றான். இருபதாம் தேதி ஏதென்ஸில் இறங்குகிறான்.

கல்யாணம் டிசம்பர் முப்பது, சனிக்கிழமை. கல்யாணம் கூடாத கிறிஸ்துமஸ் நோன்பு முடிந்துவிடும், லீப் வருஷம் பிறந்திருக்காது. அவன் அம்மாவுக்குக்கூடச் சொல்ல வாய் இல்லை. பாதிரியார் நாள்காட்டியைப் புரட்டிவிட்டு, "இந்த ஒரு சனிக்கிழமைதாம்மா இருக்கு, நோன்புக்கும் லீப் வருஷத்துக்கும் நடுவுல" என்றார்.

நீ எழுதியது உண்மையாகவே இருக்கலாம். நீ லமியாவுக்குப் போயிருக்கலாம், அவரும் அப்படியே சொல்லியிருக்கலாம். நானும் உன் கடிதத்தை விளக்கருகில் வைத்து வைத்துப் பார்த்தேன். மே மாதக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே கையெழுத்து. எது எப்படிப்பட்டது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

மணமுடிகளை மாற்றிவைக்க லெஃப்தெரிஸின் அக்காவைக் கேட்டிருக்கிறேன். அரெத்தி வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

நீ வா. வராமல் இருந்தால் ஊர் கேட்கும், நான் ஏதாவது கட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அது இனி வேண்டாம். வந்து மாப்பிள்ளை வீட்டார் பக்கம் உட்கார். அங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது.

எவந்தியா